அலை வந்தபின் அரிசியா?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்திராவுக்கு அப்பால் கடலடியிலே நிலம் பிளந்தது. அலை நாகைக் கரையைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இரண்டு மணி நேரம், தோழர்களே! கிழவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பிலே ஏற்றிக்கொண்டு, குப்பத்து மக்கள் நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏற்பாடே இல்லை. நாகை மாவட்டம் மட்டும் ஆறாயிரம் உயிர்களைப் பறிகொடுத்தது.

பிறகு வந்தார்கள். அரிசி வந்தது, வேட்டி சேலை வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள், அனுதாப அறிக்கைகள் வந்தன. வந்ததை நாம் குறை கூறவில்லை. பசித்தவனுக்குச் சோறு வேண்டும். செத்தபின் வருகிற பணம் சாகுமுன் ஏன் வருவதில்லை என்றுதான் கேட்கிறோம்.

2005இலே பேரிடர் மேலாண்மைச் சட்டம் செய்தார்கள். இடர் வந்தபின் செலவிட ஒரு நிதி, வருமுன் தடுக்க ஒரு நிதி என இரண்டையும் எழுதிவைத்தார்கள். வருமுன் தடுக்கும் தேசிய நிதி எப்போது பிறந்தது தெரியுமா? 2021இல்! பதினாறு ஆண்டுகள் அந்த விதி ஏட்டிலே தூங்கிற்று. கடல் தூங்கிற்றா? 2011இலே தானே வந்தது. 2017இலே ஒக்கி வந்தது. கரைக்குச் சொன்ன எச்சரிக்கை, ஆழ்கடலிலே பல நாள் தொழிலுக்குப் போயிருந்த குமரி மாவட்டத்துப் படகுகளுக்கு எட்டவில்லை. 2018இலே கஜா வந்தது. வேதாரண்யம் வட்டாரத்திலே பரம்பரைச் சொத்தாய் நின்ற தென்னந்தோப்புகள் ஒரே இரவிலே படுத்துவிட்டன. தமிழகம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி. அந்த ஆண்டின் கடைசியிலே டில்லி ஒப்புக்கொண்டது 1,146 கோடி. அன்று இங்கே ஆண்டது எந்தக் கட்சி என்பதல்ல பேச்சு, கேட்டது தமிழகம்.

பதினைந்தாவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு, மாநிலப் பேரிடர் நிதியிலே நூற்றுக்கு இருபதைத் தடுப்புக்கென ஒதுக்கச் சொன்னது. மீதி எண்பதிலும் பத்து ஆயத்தப் பணிக்கு. இவ்வளவாவது வந்ததே என மகிழலாம். ஆனால் நோய்க்கு மருந்து முப்பது, சாவுச் செலவுக்கு எழுபது என்று எந்தக் குடும்பமாவது கணக்குப் போடுமா?

முன்னே செலவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒடிசா சாட்சி. 1999 புயலிலே அங்கே மாண்டவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். அதன்பிறகு கடலோரத்திலே புயல் காப்பகங்கள் கட்டினார்கள். பல காப்பகங்கள் மற்ற நாட்களிலே பள்ளிக்கூடங்கள். ஊருக்கு ஊர் இளைஞர்களைப் பழக்கினார்கள். 2013இலே பைலின் புயல் வந்தபோது பத்து இலட்சம் பேரளவுக்கு முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கிலே போயிருக்க வேண்டிய உயிர்கள், சில பத்துகளோடு நின்றன.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் வேதாரண்யத்துக்கு அருகே நாலுவேதபதி. 2002இலே ஒரே நாளில் எண்பதாயிரம் கன்றுகளை நட்டுச் சாதனை படைத்த சிற்றூர். இரண்டே ஆண்டிலே சுனாமி வந்தது. அந்த மரங்கள் முன்னே நின்று அலையை வாங்கிக்கொண்டன. பிச்சாவரத்து அலையாத்திக் காடும் தன் பின்னே இருந்த ஊர்களை அப்படித்தான் காத்தது.

ஆனால் பெரும்பணம் எதற்குப் போகிறது? கல்லுக்கு! கற்சுவர், தூண்டில் வளைவு. கல் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டிய இடம் உண்டு. எனினும் கீழைக் கரையிலே மணல் பெரும்பாலும் தெற்கிருந்து வடக்கே நகர்வது. ஒரு குப்பத்தின் முன்னே கல்லைப் போட்டு மணலை மறித்தால் வடக்கே இருக்கிற அடுத்த குப்பத்தைக் கடல் தின்னும். இது கட்டுமரம் தள்ளிய கிழவருக்குத் தெரியும். திட்டம் தீட்டும் மேசையருகே அவருக்கு நாற்காலி உண்டா? மழைத் தண்ணீர் முதலில் எந்தச் சந்திலே நுழையும் என்பது கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்குத் தெரியும். அவளை எந்தக் கூட்டத்துக்கு அழைத்தார்கள்?

ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு கரையோர ஊராட்சியும் கூட்டம் போடட்டும். அந்த ஆண்டுத் தடுப்பு நிதியிலே தன் ஊருக்கு எத்தனை ரூபாய், எதற்கு, யார் கையால் என்பதைப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லட்டும். இன்னொன்றும் கேட்கட்டும்: புயல் காப்பகத்தின் சாவி எங்கே? தாலுகா அலுவலகத்து ஆணியிலே தொங்குகிறது என்றால், நடுநிசியிலே காற்று எழும்பும்போது அதை யார் போய் எடுத்துவருவது?