நரம்பறிந்த விரல்

சிலப்பதிகாரத்துக் கானல்வரியைப் பாடஞ் சொல்லுங்கால் ஓரிடத்தை யான் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். மாதவி யாழைக் கையிலேந்தி, நரம்புகளை ஆராய்ந்து, கோவலனிடம் நீட்டும் இடம் அது. விரற்றொழில் எட்டினை இளங்கோவடிகள் அங்கே பெயர்சுட்டி வைத்தார். வார்தல் சுட்டுவிரற்றொழில், வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது, உறழ்தல் நரம்புகளை ஒன்றிடையிட்டும் இரண்டிடையிட்டும் ஆராய்வது. அரும்பதவுரைகாரர் கூறிய இவற்றையே இருபத்தெட்டாண்டு கரும்பலகையில் எழுதிப் போட்டு வந்தேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, “ஐயா, வடிக்கேக்குள்ள விரல் எப்பிடிப் போகும்? ஒருக்காக் காட்டுங்கோவன்” என்றாள். யான் காட்டவில்லை. என் விரல் எந்த நரம்பையும் தொட்டறியாதது.

அந்த நாணமே என்னைச் சனிக்கிழமைதோறும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸேற்றியது. ஆங்கே என் பழைய மாணாக்கர் ஒருவர் கிற்றார் பயிற்றுகிறார். கிற்றார் என்றவுடன் கொழும்பார்க்குப் பைலாவே நினைவில் எழும். அவர் அன்று வாசித்ததோ வேறு. மீட்டுகோலின்றி, பெருவிரல் தாழ்ந்த நரம்புகளில் நிலைச்சுரத்தைப் பேண, ஏனை விரல்கள் மேல்நரம்புகளில் இசையை ஓட்டின. கண்ணை மூடிக் கேட்டேன். யாழொன்று ஒலிப்பது போன்றிருந்தது.

அஃது அயர்லாந்தின் யாழுக்கென்று பிறந்த இசையே என்பதைப் பின்னர் அறிந்தேன். ஓ கரோலன் (1670–1738) அம்மை நோயாற் கண்ணிழந்து, யாழொடு ஊர்தோறுஞ் சென்று பாடிய பாணர். அவர்தம் மெட்டுகள் இருநூற்றளவின இன்றும் உள. 1792இல் பெல்பாஸ்ற் நகரிற் கூடிய யாழ்ப்பாணரின் இசையை எட்வேட் பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் ஏட்டில் வரைந்தார். வந்தவருள் பழைய முறையே நீண்ட நகத்தாற் கம்பி நரம்பை மீட்டியவர் முதியவரான டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவரே. அந்நகவழக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அற்றுப்போயிற்று. ஏட்டிலிருந்த மெட்டுகளைப் பிற்காலத்துக் கிற்றார்க் கலைஞர் தம் உருக்கு நரம்புகளில் ஏற்றினர். (உருக்குக் கம்பியை நரம்பென்பது தகுமோ என்பார்க்கு, இசைத்தமிழிற் சுரத்துக்கும் நரம்பென்பதே பெயர் என்க.)

அவ்விசைக்குப் பலரும் கொள்ளும் சுருதிக்கூட்டு, 1960களின் தொடக்கத்தில் டேவி கிரகாம் என்னும் ஆங்கிலக் கலைஞர் கையாண்டு பரப்பியது. வழக்கமான கிற்றாரின் ஒன்றாம், இரண்டாம், ஆறாம் நரம்புகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் அது கிடைக்கும். மேனாட்டார் அதனை டி, ஏ, டி, ஜி, ஏ, டி என எழுத்துக் கூட்டுவர். ஆறாம் நரம்பைக் குரலாகக் கொண்டு யான் எண்ணிப் பார்த்தேன்: குரல், இளி, குரல், உழை, இளி, குரல். பஸ்ஸில் இருந்தபடி இதனைக் கண்டபோது இறங்குமிடந் தவறிற்று.

இதன் பயன் பெரிது. யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. மீட்டிய நரம்பு, அடுத்ததை மீட்டிய பின்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். கிற்றாரில் ஒரே நரம்பிற் சுரங்களை அடுத்தடுத்துப் பிடித்தால் முன்னது மடிந்துபோம். இக்கூட்டிலோ உழையும் இளியும் பக்கத்துப் பக்கத்து நரம்புகளாய்த் திறந்து நிற்றலின், ஒன்றன் ஒலிமேல் மற்றொன்று தவழும். ஆதலால் அடுத்தடுத்த சுரங்களை இயன்றவரை வெவ்வேறு நரம்பில் வைத்தே விரலைப் பழக்குகின்றனர். இடக்கை விரலால் மேற்சுரத்தை ஒரு நொடி தொட்டு மீளும் அணிகளும் உள. அவற்றுள் ஐந்து சுரம் புரள்வதொன்றனை ‘உருட்டல்’ எனப் பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர். நம் எட்டினுள்ளும் உருட்டல் உண்டு. பெயரொப்புமையால் பொருளொப்புமை நாட்டுதல் பண்டிதர்க்குள்ள பழைய நோய். யான் அதற்கு ஆட்படேன்.

நமக்கு ஏடு இல்லாமலில்லை. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தும் ஆராய்ந்து, யாழ்நூலை முற்றுவித்தார். அது 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அடிகள் கொழும்பில் மறைந்தார். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாக அந்நூலுக்கு உரை சொல்வாரும் அதிலிருந்து வினா எடுப்பாரும் உளர், யானும் எடுத்திருக்கிறேன். அடிகள் கணக்கிட்ட சுருதிகளை ஒரு நரம்பிலேனும் கூட்டிக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

இப்பொழுது நான்கு மாதமாகின்றது. முதல் ஆறு வாரம் விரல்நுனி கன்றி எரிந்தது. விடைத்தாள் திருத்தப் பேனா பிடிக்கவும் இயலவில்லை. “சேர், அவசரப்படாதீங்கோ, பெருவிரல் முதல்ல தானா நடக்கவேணும்” என்று என் மாணாக்கர் ஆசிரியராயிருந்து அதட்டுவார். கரோலன் மெட்டொன்றின் முதற்பாதி வருகின்றது. பிற்பாதியில் மூன்றாம் விரல் இன்னும் தடுமாறுகின்றது.

அடுத்த வாரம் கானல்வரி மீண்டும் வருகின்றது. கிற்றாரை வகுப்புக்கு எடுத்துச் செல்ல அதிபரிடம் இசைவு கேட்டிருக்கிறேன். வடித்தலை இப்படித்தான் செய்தனர் என்று சொல்லமாட்டேன். சுட்டுவிரலும் பெருவிரலும் ஒரு நரம்பிற் கூடுங்கால் என்ன கேட்கின்றதென்று மட்டும் காட்டி, கருவியை அம்மாணவி கையிற் கொடுக்க எண்ணியுள்ளேன்.