நகரத்துப் புல்தரைக்கு நம் வயலின் மேல்மண்ணா?



கேளம்பாக்கம், தாழம்பூர் வழியாகப் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பதினைந்து மாடி, இருபது மாடி என்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பி நிற்கின்றன. வாசலில் பச்சைப் பாய் விரித்தாற்போலப் புல்தரை, ஓரத்தில் பூஞ்செடி, நடுவில் மரம். "அதுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்தப் புல்லுக்கு அடியில் கிடப்பது பல இடங்களில் நம்மைப் போன்ற ஒருவருடைய வயல் மண்.

கட்டட வேலை முடிந்த மனையில் சிமெண்டுத் தூளும் செங்கல் சல்லியும்தான் மிஞ்சும். அதில் புல் பிடிக்காது. ஆகவே தோட்டக் குத்தகைக்காரர் அரை அடி, ஒரு அடி கனத்துக்குச் செம்மண் பரப்புகிறார். அந்த மண்ணைத் தேடித்தான் டிப்பர் லாரி ஊருக்குள் வருகிறது.

போன கோடையில் ஒரு பெரியவர் தம் நிலத்துக்கு என்னை அழைத்துப் போனார். "மணிலா நல்லா விளைஞ்ச நிலம் சார். அரை அடிதானே கேக்கிறாங்கன்னு குடுத்தேன். மகள் கல்யாணச் செலவுக்கு ஆச்சு. இப்போ விதை முளைக்குது, செடி ஏறவே மாட்டேங்குது" என்றார். மண்ணைக் கிளறிப் பார்த்தேன். அடிமண் சரளையாகக் கிடந்தது. ஒரு மண்புழுகூட இல்லை.

அரை அடி என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அரை அடி ஆழத்துக்கு 21,780 கன அடி. அதாவது 218 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 73 நடை. எடை ஏறக்குறைய 860 டன்! அந்த மண்ணில் அங்ககக் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்கு என்று வைத்தாலும் 4,300 கிலோ. மண்ணுக்கு உயிர் தருவது இதுதான். தண்ணீரைப் பிடித்து வைப்பதும், பயிருக்குத் தழைச்சத்தை ஊட்டுவதும் இதுதான். வருஷத்துக்கு 5 டன் தொழு உரம் போட்டாலும், அதில் பெரும்பகுதி நம்ம வெயிலில் மட்கிக் காற்றோடு போய்விடும். விலை கொடுத்தவன் ஒரே நாளில் அள்ளிப் போனதை ஒரு தலைமுறை உழைத்தாலும் திரும்பப் பெறுவது கஷ்டம். கனிமவளத் துறையின் அனுமதி இல்லாமல் மண் வெட்டி விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

"பணத்துக்கு என்ன வழி?" என்பீர்கள். நியாயமான கேள்வி. மண்ணை விற்காமலே அந்தத் தோட்டங்களிடம் காசு பார்க்க வழி உண்டு.

முதலாவது, தென்னைநார்க் கழிவு உரம். பல குடியிருப்புகளில் தோட்டத்துக்குக் கீழேயே கார் நிறுத்தும் இடம் இருக்கும். தோட்டம் முழுவதும் கான்கிரீட் தளத்தின் மேல். நனைந்த மண் கன அடிக்கு 50 கிலோ கனக்கும். தளம் தாங்க வேண்டுமே! மட்கிய நார்க்கழிவைக் கலந்தால் பாரம் குறையும், ஈரமும் நிற்கும். செய்முறை எளிது. நிழலில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி, ஒரு புட்டி சிப்பிக் காளான் வித்தைத் தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ பரப்பி, ஒரு கிலோ யூரியா போடுங்கள். இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. ஒரு டன்னுக்கு 5 புட்டி வித்து, 5 கிலோ யூரியா. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் 30 நாளில் கறுத்து மட்கிவிடும். பச்சை நார்க்கழிவை அப்படியே விற்காதீர்கள். அதன் உப்பு செடியைக் கருக்கும், உங்கள் பெயரும் கெடும்.

இரண்டாவது, மரக்கன்று. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் அதில் நிறைய. வேர் ஆழமாக இறங்காத மரம் காற்றுக்கு நிற்காது. எனவே புங்கம், மகிழம், பூவரசு, வேம்பு கன்றுகளை வளர்த்துக் கொடுங்கள். பைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய எரு. இதற்கு வேண்டிய மண் கொஞ்சம்தான்; வரப்பு சீர்செய்யும்போது கிடைப்பதே போதும். ஒன்றைக் கவனியுங்கள். கன்று பையிலேயே வருஷக்கணக்கில் நின்றால் வேர் சுருண்டு வளையம் போட்டுக்கொள்ளும். அப்படிப்பட்ட கன்று மரமானாலும் புயலில் படுத்துவிடும். வேர் பையைத் தொட்டதும் பெரிய பைக்கு மாற்றி, சுருண்ட வேரை நறுக்கி விடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அரளி கேட்டால், அது முழுவதும் விஷம் என்று சொல்லி, செம்பருத்தியோ இட்லிப்பூவோ கொடுங்கள்.

மூன்றாவது, புல். பாய் போலப் புல்லை வெட்டி விற்கும்போது மண்ணும் கூடவே போகிறது. தரையில் பாலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் மணலும் நார்க்கழிவு உரமும் கலந்து இரண்டு அங்குலம் பரப்பி வளர்த்தால் வயல் மண் தப்பும். ஆனால் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கோடையில் 1,000 சதுர அடிப் புல்லுக்கு நாள் ஒன்றுக்கு 450 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். கிணறு இடம் கொடுக்காவிட்டால் இந்த வேலை வேண்டாம்.

முன்பே மண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். முதல் மழைக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். கோடையில் அனுமதி பெற்று ஏரி வண்டலை அடியுங்கள். அந்தப் பெரியவருக்கும் இதைத்தான் சொன்னேன். இந்த ஆனியில் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறார். விளைச்சல் பழைய நிலைக்கு வரப் பல வருஷம் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

நாற்றங்கால் போட நினைப்பவர்கள் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். விளைந்ததை விற்கலாம், விளைவிக்கிற மண்ணை விற்கக் கூடாது.