காரின் வண்ணம் காக்கும் படலம்: நாமே ஒட்டலாமா?

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் கார் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. காற்றடி காலத்தில், இரவில் துடைத்து நிறுத்திய வண்டியின் மேல் விடியலில் மெல்லிய தூசி படிந்திருக்கும். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டன. எனினும், தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட மண் 'சயனைடு மேடு'களாக இன்றும் ஊரையொட்டி நிற்கிறது. அம்மண் அரைத்துப் பொடியாக்கிய பாறையே ஆகும். அதிலுள்ள குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையும் கீறவல்லது. காரின் வண்ணத்துக்கு மேலுள்ள தெளிபூச்சின் தடிமனோ ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் மட்டுமே. எனவே, தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதே கீறலுக்கு முதற்காரணமாகிறது.

இதற்குத் தீர்வாகக் கடைகளில் 'பி.பி.எஃப்.' என்ற பெயரில் ஒளி ஊடுருவும் படலம் விற்கப்படுகிறது. இது பாலியூரித்தேன் என்னும் நெகிழும் பொருளால் ஆனது. பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உடையது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல், கற்சிதறல் ஆகியவற்றிலிருந்து காப்பதற்கு உருவான தொழில்நுட்பத்தின் வழிவந்தது. தரமான படலத்தில் விழும் மெல்லிய கீறல்கள் வெயிலின் வெப்பத்தில் தாமே மறையும்.

வண்டி முழுவதற்கும் படலம் ஒட்டுவது தேர்ந்த கைகளுக்குரிய வேலை, செலவும் மிகுதி. ஆனால் கதவுக் கைப்பிடியின் உட்குழிவு, கதவின் ஓரம், டிக்கியின் விளிம்பு ஆகிய சிறு பகுதிகளுக்கு, அளவாக வெட்டப்பட்ட துண்டுகளை வாங்கி நாமே ஒட்டலாம். அன்றாடக் கீறல்களில் பெரும்பாலானவை இவ்விடங்களிலேயே விழுகின்றன.

ஒட்டும் முறை எளிது, முன்தயாரிப்பே கடினம். காற்று அடங்கிய காலை வேளையில், மூடிய கூடத்தில், தரையில் நீர் தெளித்துவிட்டுத் தொடங்குக. முதலில் நிறைய நீர் ஊற்றித் தூசியை அகற்றியபின், ஷாம்பு இட்டுக் கழுவுக. பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் எண்ணெய்ப் பசையை நீக்குக. ஒரு லிட்டர் நீரில் சில துளி குழந்தை ஷாம்பு கலந்து, வண்டியின் பரப்பிலும் படலத்தின் பசைப் பக்கத்திலும், விரல்களிலும் தாராளமாகத் தெளிக்க வேண்டும். அப்போதுதான் படலம் வழுக்கிச் சரியான இடத்தில் அமரும். பிறகு ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீரை வெளியேற்றுக. வளைவுகளில் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டினால் படலம் படியும். வண்டியின் மீது வைத்துக் கத்தியால் வெட்டுதல் கூடாது. எஞ்சிய நீர்த்திவலைகள் சில நாள்களில் உலர்ந்து மறையும். ஆனால் அடியில் சிக்கிய ஒரு மணற்துகள் மறையாது. அதுவரை, ஒரு வாரமேனும், வண்டியைக் கழுவாதிருப்பது நன்று. புதிதாகப் பூச்சு அடித்த பகுதியில் உடனே ஒட்டலாகாது. படலத்தை எடுக்கும்போது பூச்சும் உரிந்து வரக்கூடும்.

இதில் பணக்கணக்கும் உண்டு. தேய்மானத்தால் வரும் கீறல்களுக்குக் காப்பீடு இழப்பீடு தராது. விபத்தால் ஏற்பட்ட சிறு கீறலுக்கு இழப்பீடு கோரினாலோ, கோராதோர்க்குரிய தள்ளுபடியை இழக்க நேரிடும். அத்தள்ளுபடி சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதலாண்டு 20 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாண்டுகள் தொடர்ந்து கோராதோர்க்கு 50 விழுக்காட்டை எட்டும். சிறு துண்டுப் படலத்தின் விலையை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடனில் வாங்கிய வண்டிக்கு மேலும் ஓர் எச்சரிக்கை. ஒளி ஊடுருவும் படலம் வண்டியின் நிறத்தை மாற்றுவதில்லை. நிறம் மாற்றும் படலமாயின், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரத்தோடு வண்டி முரண்படும். அவ்வாறு செய்ய விரும்புவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலையும், கடன் நிலுவையிருப்பின் வங்கியின் இசைவையும் முன்னரே பெறுதல் வேண்டும்.

தவணை முடியும் நாளில் வண்டி முழுமையாக நமதாகிறது. அன்று அதற்கு நல்ல விலை இருக்க வேண்டுமெனில், இன்று காலை அதன் மேலுள்ள தூசியைத் துணியால் துடைக்காமல் நீரால் கழுவுவதிலிருந்தே தொடங்கலாம். படலம் அதற்கு அடுத்த படியே.