அறிவியல் வாத்தியார் ஜோ சவோல்டி

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் ஹென்டர்சன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்த ஜோ சவோல்டியின் முந்தைய வாழ்க்கையைச் சொன்னால் நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நாடறிந்த கால்பந்து வீரர், ஹெவிவெயிட் மல்யுத்த வீரர், போர்க்காலத்தில் உளவுப் பணியாளர். இவ்வளவையும் பார்த்த மனிதர் ஏன் கடைசியில் சாக்பீஸ் பிடிக்க வந்தார்? அது புரிய 1930ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். நிதானமாகவே போவோம்.

இங்கே கால்பந்து என்பது மெஸ்ஸி ஆடுகிற ஆட்டம் அல்ல. அமெரிக்கர்களின் ஆட்டத்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரே சுவர்போல நிற்பவர்களை இடித்துக்கொண்டு புகுந்து ஓடுகிறவருக்கு ஃபுல்பேக் என்று பெயர். சவோல்டி அந்த இடத்தில் ஆடியவர்.

1908இல் இத்தாலியில், மிலான் நகருக்குப் பக்கத்தில் காஸ்தானோ ப்ரீமோ என்ற ஊரில் பிறந்தார். சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்து மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்து, நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கத்தோலிக்கத் துறவியர் நடத்திய கல்லூரி அது. அங்கே பயிற்சியாளராக இருந்த க்னூட் ராக்னி, அந்தக் காலத்து அமெரிக்காவில் சினிமா நட்சத்திரத்துக்குச் சமமான புகழோடு இருந்தார். 1930இல் பல்கலைக்கழகத்துக்குப் புதிய மைதானம் திறந்தது. அதில் நடந்த முதல் ஆட்டத்திலேயே எதிரணி உதைத்த பந்தைத் தன் எல்லைக்கோட்டுக்கு அருகில் பிடித்து, மைதானத்தின் மறுகோடிவரை ஒரே ஓட்டமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார் சவோல்டி. அந்த மைதானத்தில் நோட்டர் டேமுக்குக் கிடைத்த முதல் டச் டவுன் அதுதான்.

அடுத்த மாதமே எல்லாம் தலைகீழானது. சவோல்டி ரகசியமாகத் திருமணம் செய்திருந்தார். அது ஒத்துவராமல் விவாகரத்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனதும் விஷயம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. மாணவர்கள் திருமணம் செய்யக் கூடாது என்பது அன்றைய கல்லூரி விதி; விவாகரத்தோ கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத ஒன்று. இரண்டிலும் அகப்பட்டவருக்கு அங்கே இடமில்லை. படிப்பு முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்த ஆண்டு நோட்டர் டேம் பத்து ஆட்டங்களிலும் வென்று தேசிய சாம்பியன் ஆனபோது, கடைசி ஆட்டங்களில் அவர் அணியில் இல்லை. ஊரே கொண்டாடிய இளைஞனை, அவன் சொந்த வாழ்க்கை சறுக்கியதற்காகப் படிப்பை முடிக்கவிடாமல் அனுப்பியது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

ஷிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணி உடனே அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் உடன் படிக்கும் வகுப்பு பட்டம் பெறும்வரை ஒரு கல்லூரி வீரரைத் தொழில்முறை அணிகள் எடுக்கக் கூடாது என்று அன்று விதி இருந்தது. பேர்ஸ் அணி 1,000 டாலர் அபராதம் கட்டியது. சில ஆட்டங்களோடு அந்தக் கதை முடிந்தது. நாடு பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த காலம். பணம் இருந்த இடம் மல்யுத்தம்.

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். அதனால் அது போலி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நூறு கிலோ உடம்பு தரையில் விழுவது போலியல்ல. சவோல்டியின் பெயர் சொன்ன உத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள்: டிராப் கிக். ஓடிவந்து எகிறி, அந்தரத்தில் உடம்பைப் படுக்கைவாக்கில் நீட்டி, இரண்டு பாதங்களாலும் சேர்த்து எதிராளியின் நெஞ்சில் உதைக்க வேண்டும். உதைத்ததும் தாங்கிக்கொள்ளக் கால் தரையில் இருக்காது. உதைத்தவரும் பக்கவாட்டில் பொத்தென்று விழுவார். விழத் தெரியாவிட்டால் தோள்பட்டை போய்விடும். அதை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் சர்ச்சை இருக்கிறது. ஏப் கோல்மன் என்ற மல்லரும் உரிமை கோரினார். ஊர் ஊராகப் பிரபலமாக்கியவர்களில் சவோல்டி முக்கியமானவர் என்பதில் சந்தேகமில்லை.

1933 ஏப்ரலில் ஷிகாகோவில் உலக சாம்பியன் ஜிம் லண்டோஸை அவர் வென்றதாக நடுவர் அறிவித்தார். பேசி வைத்ததை மீறிய தீர்ப்பு என்று பெரும் கூச்சல் எழுந்தது. அது பட்டத்துக்கான போட்டிதானா என்பதும் விவாதமானது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். அவரைத் தேடி வந்தது. இத்தாலிய மொழி தாய்ப்பாலோடு வந்தது. ஆயுதமின்றிச் சண்டையிடும் பழக்கம் மேடையில் வந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பது அரிது. 1943இல் இத்தாலிக்குப் போன ரகசியக் குழுவில் அவரும் ஒருவர். இத்தாலியக் கடற்படையின் டார்பிடோ நிபுணர் மினிசினியை அமெரிக்காவின் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் குழுதான்.

போருக்குப் பிறகு அவர் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் போபோ பிரேசில். கறுப்பின மல்லர்களைக் கறுப்பினத்தவரோடு மட்டுமே பல ஊர்களில் மோதவிட்ட காலத்தில், அந்தத் தடையை உடைத்துப் பெரும் நட்சத்திரமானவர் அவர். சவோல்டிக்குள் இருந்த வாத்தியாரை நான் முதலில் பார்ப்பது இங்கேதான்.

மேடையை விட்டபோது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். அடுத்து வகுப்பறைதான் என்றானது. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராகக் கல்லூரிப் பட்டமும் மாநில அரசின் சான்றிதழும் வேண்டும். பழைய புகழைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. ஹென்டர்சனிலிருந்து ஆற்றைக் கடந்தால் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரம். அங்குள்ள கல்லூரியில் சேர்ந்து, நோட்டர் டேமில் அறுந்துபோன படிப்பை முடித்தார். எதிராளியை விழ வைத்ததைவிட, உளவு வேலையைவிட, புத்தகப்பையோடு மறுபடியும் கல்லூரி வாசலில் நின்றதுதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1974 ஜனவரியில் அவர் இறந்தபோது வயது 65.