காதைக் கொடுத்துக் கேளுங்க!

சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு விசைத்தறிச் சத்தம்தான் தாலாட்டு. ஆனால் அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு என் இடது காதுக்குள்ளேயே யாரோ தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விண்... விண்...

வலி வந்ததுதான் தாமதம், டிகிரி இல்லாத டாக்டர்கள் கூடிவிட்டார்கள்.

"ரெண்டு பல் பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில காய்ச்சி விடுல, ஓடிப் போயிரும்" - இது ஆச்சி. எதிர்வீட்டு மதினி சுட்ட சின்ன வெங்காயச் சாறு கட்சி. மாடி வீட்டு அண்ணாச்சி துளசிக் கட்சி. இன்னொருவர் "தாய்ப்பால் ரெண்டு சொட்டு" என்றார். அந்நேரத்துக்கு நான் யார் வீட்டுக் கதவைத் தட்ட? காதோடு பல்லும் போயிருக்கும்!

ஆச்சி எண்ணெய்ச் சட்டியோடு வந்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தறிக்கார மாமா குறுக்கே வந்தார்.

"அதைக் கீழ வைங்க அத்தை. எனக்கு ஒரு காது கேக்காதது தறிச் சத்தத்தாலன்னுதான எல்லாரும் நினைக்கியோ? பத்து வயசுல சீழ் வடிஞ்ச காதுல இப்படித்தான் ஊத்துனாங்க. அதுக்கப்புறம் அது கேக்கவே இல்ல."

வீடே கப்சிப். எனக்குப் பாதி வலி பயத்திலேயே போய்விட்டது.

மறுநாள் காலை டாக்டர் என் காது மடலைப் பிடித்து இழுத்தார். "ஐயோ!" என்றேன். "இழுத்தா வலிக்குதா? அப்போ பெரும்பாலும் வெளிக்காதுப் புண். எதை வச்சுக் குடைஞ்சீங்க?"

தலைகுனிந்து பைக் சாவியைக் காட்டினேன். ஆபீஸில் கணக்கு டேலி ஆகாத போதெல்லாம் அதுதான் எனக்குத் துணை. பி.காம். படித்தும் இந்தச் செலவை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை!

அவர் விளக்கியது இது. காதுத் துவாரத்தின் நீளம் சுமார் 2.5 செ.மீ. அதன் கடைசியில் செவிப்பறை. கனம் சுமார் 0.1 மி.மீ., காகிதம் மாதிரி. சளி பிடித்தால், மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அடைத்து, பறைக்குப் பின்னால் வலிக்கும். எண்ணெய் அங்கே போகாது. பறையில் ஓட்டை இருந்தாலோ, கிருமியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும்.

பூண்டு சும்மாவா? இல்லை. கிருமியைக் கொல்லும் அல்லிசினை அதிலிருந்து 1944-இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது சூட்டில் சிதைந்துவிடும். ஆச்சி காய்ச்சியதில் மிச்சம் வாசனைதான்!

வீட்டில் என்ன செய்யலாம்? மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, வெதுவெதுப்பான உலர்ந்த துணியால் காதுக்கு வெளியே ஒத்தடம். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கலாம். பாரசிட்டமால், அளவோடு. காதில் தண்ணீர் படாமல் குளியல். அவ்வளவுதான்.

சீழ், ரத்தம், காய்ச்சல், தலைசுற்றல், காது மந்தம், காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் கோணுதல் என்றால் உடனே டாக்டர். கைக்குழந்தைக்கும் அப்படியே. சர்க்கரைக்காரர்களுக்கு வெளிக்காதுப் புண் எலும்பு வரை போகலாம்; அசட்டை கூடாது. இரண்டு நாளாகியும் வலி குறையாவிட்டாலும் போய்விடுங்கள். காது சுத்தமாக இருந்தும் வலித்தால் பல்லையும் தொண்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல் காதில் வந்து வலிப்பது உண்டு.

கிளம்பும்போது, காதுக்குப் பின்னால் ஆச்சி பூசியிருந்த கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை டாக்டர் பார்த்துவிட்டார். "வெளியே பூசினா பக்தி. உள்ளே போட்டா எனக்கு வேலை" என்று சிரித்தார்.

சொட்டு மருந்தில் வலி அடங்கியது. பைக் சாவி இப்போது பைக்கை மட்டுமே திறக்கிறது.

ஆச்சியும் அந்தப் பூண்டெண்ணெயை வீணாக்கவில்லை. ரசத்தில் தாளித்துவிட்டாள். இரண்டு டம்ளர் குடித்தேன். பூண்டு உள்ளே போக வேண்டிய வழி அதுதான்!