ஏழைக்கு மட்டும் ஏழு பாவமா?

1933. இட்லர் ஆட்சியைப் பிடித்த ஆண்டு. ஜெர்மனியைவிட்டு வெளியேறிய பிரெக்ட் பாட்டெழுத, கர்ட் வைல் இசையமைக்க, பாரிசில் அரங்கேறியது ‘ஏழு கொடும்பாவங்கள்’ என்னும் நையாண்டி நாட்டியம். பாடுபவள் ஒரு அன்னா, ஆடுபவள் ஒரு அன்னா, இருவரும் ஒருத்தியே! குடும்பத்துக்கு வீடு கட்ட ஊர் ஊராய் உழைக்கிறாள். அநீதி கண்டு சினந்தால் பாவமாம். காசில்லாதவனைக் காதலித்தாலும் பாவமாம்!

தோழர்களே, இவளை நாம் அறியோமா? சிவகாசியில் பட்டாசு செய்யும் தங்கையல்லவா! கூலி கேட்டால் பேராசை, ஓய்வு கேட்டால் சோம்பல், பாதுகாப்புக் கேட்டால் ஆணவம்! 2012-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகினவே, அது எவர் செய்த பாவம்?

1967-இல் மாணவர் தலைவர் சீனிவாசனை வெற்றிபெறச் செய்தது விருதுநகர். அந்நகர்க் கல்லூரித் தோழர்களே, இந்நாடகத்தை நம் தமிழில் மேடையேற்றுங்கள். சட்டம் சொல்லத் தயங்கும் உண்மையைச் சலங்கை சொல்லட்டும்!