உங்களுக்குத் தெரியுமா? – 361-ஆவது ராங்க்

2025 பிரெஞ்ச் ஓபன் டென்னிஸ் தொடங்கியபோது லோயிஸ் புவாஸோனின் உலகத் தரவரிசை 361. அந்த இடத்தில் இருப்பவருக்குத் தகுதிச்சுற்றில்கூட நேராக இடம் கிடைக்காது. பிரான்ஸின் டிஜோன் நகரத்துப் பெண்ணான அவர் வைல்டு கார்டில் நுழைந்து அரையிறுதி வரை போனார். பாரிஸில் நடக்கும் அந்தப் போட்டியின் பெண்கள் ஒற்றையர் பிரிவில் வைல்டு கார்டு பெற்ற ஒருவர் அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் முறை.

வைல்டு கார்டு என்பது போட்டி நடத்துபவர்கள் தாங்களாகவே தரும் இடம். பிரெஞ்ச் ஓபனில் பெரும்பாலும் உள்நாட்டு ஆட்களுக்குத்தான். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தலா ஒன்று போகும். அந்த நாடுகளும் தங்கள் கிராண்ட்ஸ்லாமில் பிரான்ஸுக்கு ஒன்று தரும். கல்யாண மொய் மாதிரிதான். கிராண்ட்ஸ்லாம் நடக்காத நாட்டுக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

அந்த 361 கொஞ்சம் பொய் சொல்கிற எண். தரவரிசை கடந்த 52 வார ஆட்டங்களைத்தான் கணக்கில் எடுக்கும். 2024-இல் சான்-மாலோ போட்டியை வென்று 150-ஐ நெருங்கியிருந்தார் புவாஸோன். அந்த ஆண்டே பிரெஞ்ச் ஓபன் வைல்டு கார்டும் கைக்கு வந்துவிட்டது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மாதக்கணக்கில் ஆட்டம் இல்லை. பழைய புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. திறமை எங்கும் போய்விடவில்லை. உலகின் 3-ஆம் நிலை ஜெசிகா பெகுலாவிடம் முதல் செட்டை இழந்து, அடுத்த இரண்டையும் 6-4, 6-4 என எடுத்தார். அடுத்து 6-ஆம் நிலை மிர்ரா ஆண்ட்ரீவாவும் வீழ்ந்தார். அரையிறுதியில் கோகோ காஃப் 6-1, 6-2 என்று சுருட்டிவிட்டார். அந்த ஆண்டு கோப்பையும் காஃபுக்குத்தான்.

இந்த ஓட்டத்தின் மதிப்பு பணத்திலும் தெரியும். கீழ்நிலைத் தொடர்களில் மிகச் சிறிய போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர். கலந்துகொள்ளும் அத்தனை பேரும் அதைத்தான் பங்கு போட வேண்டும். 2025 பிரெஞ்ச் ஓபனில் முதல் சுற்றில் தோற்றாலே 78,000 யூரோ. அரையிறுதிக்கு 6,90,000 யூரோ!

அதற்குச் சற்று முன், அதே ஆண்டு ஏப்ரலில், ரூவான் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில், புவாஸோன் மீது வாடை அடிப்பதாக எதிராளி நடுவரிடம் புகார் சொன்னார். பிறகு மன்னிப்பும் கேட்டார். புவாஸோன் சண்டைக்குப் போகவில்லை. கையில் டியோடரன்ட் இருப்பது போன்ற படத்தைப் போட்டு, விளம்பர வாய்ப்பு கிடைக்குமா என்று அதைத் தயாரிக்கும் நிறுவனத்தைக் கேட்டார்.

பாரிஸில் இப்படிப் பெரிய தலையை உருட்டிய இன்னொரு பிரெஞ்சு வீராங்கனை விர்ஜினி ரசானோ. 2012-இல் அவர் 111-ஆம் நிலை; எதிரில் செரீனா வில்லியம்ஸ். கிராண்ட்ஸ்லாம் முதல் சுற்றில் செரீனா அதுவரை தோற்றதே இல்லை. முதல் செட் போயிற்று. இரண்டாவது செட்டின் டை பிரேக்கரில் செரீனா 5-1 என முன்னிலை. அங்கிருந்து தொடர்ந்து ஆறு புள்ளிகள் ரசானோவுக்கு! கடைசி கேம் மட்டும் 23 நிமிடம் நீண்டது. எட்டாவது மேட்ச் பாயின்ட்டில்தான் ரசானோ வென்றார். தன் பயிற்சியாளராகவும் இருந்த வருங்காலக் கணவரை அவர் மூளைக்கட்டிக்குப் பறிகொடுத்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது.

மீண்டும் 2025-க்கு வருவோம். அரையிறுதிக்குப் பிறகு புவாஸோனின் ராங்க் 65. ஆனாலும் விம்பிள்டன் பிரதானச் சுற்றில் இடம் இல்லை: பெயர்ப்பட்டியல் சில வாரங்களுக்கு முன்பே மூடப்பட்டிருந்தது, வைல்டு கார்டும் தரவில்லை. தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். ஜூலையில் ஹாம்பர்க் களிமண் தரையில் தன் முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டத்தை வென்று 44-க்கு ஏறினார்.